சாலை விபத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு: மருத்துவமனை வாசலிலிருந்து தீர்ப்பாயம் வரை

விபத்து நடந்த வீட்டில் முதல் வாரம் யாருக்கும் இழப்பீட்டைப் பற்றிப் பேச மனம் வராது. ஐ.சி.யூ. வாசலில் நிற்பவரிடம் போய் ‘எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?’ என்று கேட்பது இரக்கமில்லாத கேள்வியாகத் தோன்றும். ஆனாலும் குடும்பத்தில் ஒருவர் அதைக் கேட்டே ஆக வேண்டும். மோட்டார் விபத்து வழக்குகளில் தொகை குறைவதற்கும், சில சமயம் வழக்கே தள்ளுபடி ஆவதற்கும் காரணம் பல நேரம் நீதிமன்றத்துக்கு வெளியேதான் இருக்கிறது. முதல் சில நாட்களில் எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒரு வரி எழுதப்படாமல் போயிருக்கும், அல்லது தப்பாக எழுதப்பட்டிருக்கும். மூன்று வருடம் கழித்து எவ்வளவு நல்ல வக்கீல் வந்தாலும் அந்த வரியை மாற்ற முடியாது.

இது தமிழ்நாட்டில் விபத்தைச் சந்தித்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்குமான வழிகாட்டி. அடிப்படை, 1988 மோட்டார் வாகனச் சட்டம். இழப்பீடு பற்றிய பகுதி 2019 திருத்தத்தில் நிறைய மாறி, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கட்டுரைகளையும் வீடியோக்களையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அவற்றில் வரும் 140, 163ஏ பிரிவுகள் இப்போது சட்டத்திலேயே இல்லை.

முதலில் உயிர், பணம் அப்புறம்

108-ஐ அழையுங்கள், 112-ம் வேலை செய்யும். கையில் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று இருந்த உச்சவரம்பு பின்னால் உயர்த்தப்பட்டது. இது தவிர மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அதில் விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். மருத்துவமனை வரவேற்பு மேசையில் இந்தப் பெயர்களைச் சொல்லியே கேளுங்கள். கேட்காத நோயாளிக்கு எல்லா இடத்திலும் சொல்லப்படுவதில்லை.

இந்த மத்தியத் திட்டம் வரத் தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவரும் காரணம். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்கில்தான் 2025 ஜனவரியில், கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை உடனே கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது.

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்த வழிப்போக்கர் ‘போலீஸ், கோர்ட்டு’ என்று பயந்து நழுவப் பார்ப்பார். 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது: பெயர், முகவரி தரச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இதை அவரிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவராக விரும்பித் தன் செல்போன் எண்ணைத் தந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்த சாட்சி கிடைப்பது அரிது.

ஏ.ஆர். காப்பி என்ற அந்த ஒரு பக்கம்

அரசு மருத்துவமனையில் சேர்க்கும்போது பணியிலிருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார். எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி அடிபட்டது, யார் கூட்டி வந்தார், என்னென்ன காயம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் எடுத்துப் படிப்பது இந்தப் பக்கத்தை.

கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டாருங்க’ என்று சொல்லியிருப்பார். மருத்துவரும் ‘இருசக்கர வாகனத்திலிருந்து தானே விழுந்தார்’ என்று எழுதியிருப்பார். பின்னால் லாரி இடித்துத்தான் விழுந்தார் என்று நீங்கள் பிறகு சொன்னால், ‘அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? லாரியைப் பிறகு யோசித்துச் சேர்த்தீர்கள்’ என்பார்கள். ஆகவே மருத்துவரிடம் பேசுபவர் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லட்டும்: என்ன வண்டி மோதியது, நம்பர் தெரிந்தால் நம்பர், தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியாத வண்டி மோதியது’. எப்படி நடந்தது என்றே தெரியாது என்றால் அதையும் அப்படியே சொல்லட்டும். தப்பாகப் பதிவாகிவிட்டது என்று மறுநாள் தெரிந்தால், காவல்துறையிடம் தரும் வாக்குமூலத்தில், குறிப்பைச் சொன்னவர் விபத்தைப் பார்க்காதவர் என்பதைப் பதிவு செய்யுங்கள்.

தனியார் மருத்துவமனையில் முதலுதவி எடுத்திருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும். அவர்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பினார்களா என்று கேட்டு, அதன் நகலையும் வாங்குங்கள்.

காவல் நிலையம்

எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் இழப்பீடு கேட்கலாம், ஆனால் பாடு பெரிது. முடிந்தவரை அன்றோ மறுநாளோ புகார் கொடுங்கள். புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. ‘சி.எஸ்.ஆர். போட்டாச்சு, போய்ட்டு வாங்க’ என்றால் எஃப்.ஐ.ஆர். எப்போது என்று கேட்டு நில்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. கவனக்குறைவாக வண்டி ஓட்டியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ல் வரும். காயம் 125(ஏ), கொடுங்காயம் 125(பி), மரணம் 106(1). எலும்பு முறிந்தவருக்கு வெறும் 125(ஏ) மட்டும் போட்டிருந்தால், எக்ஸ்ரே அறிக்கையோடு விசாரணை அதிகாரியைப் பார்த்துப் பிரிவை மாற்றச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

இந்தக் கட்டத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. மோதிய வண்டிக்காரர் நல்லவராக வந்து நிற்பார். ‘ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கறேன், கேஸெல்லாம் வேண்டாம்ணே’ என்பார். ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் தந்து, ‘மேல் நடவடிக்கை வேண்டாம்’ என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். இரண்டு வாரத்தில் மறுபடியும் அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் சொல்லும்போது அவர் போனை எடுக்கமாட்டார். உண்மையில் வழக்கு போட்டால் பணம் தரப்போவது அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிதான். இதை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். பல பேருக்கு இது தெரியாமலே பயப்படுகிறார்கள். அந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்து போடாதீர்கள்.

2022 விதிகள்படி விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் (விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம்) இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை. இந்த விரிவான அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 166(4) சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘போலீஸே எல்லாம் அனுப்பிவிடும்’ என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். அறிக்கை போனதா, அதில் உங்கள் வருமானமும் குடும்ப விவரமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள். உங்களுடைய மனு தனியாகவும் போகட்டும்.

காவல் நிலையத்திலிருந்து கடைசியில் உங்களுக்கு வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை. மரணம் என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும், பிரேத விசாரணை அறிக்கையும். வண்டியின் எந்தப் பக்கம் நசுங்கியது என்று ஆய்வாளர் எழுதும் ஒரு வரியே யார் மீது தப்பு என்பதைக் காட்டிவிடும்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவு விவரமும் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் தெரியும். விபத்து நாளில் பாலிசி உயிரோடு இருந்ததா என்பதை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது.

எந்தக் கதவைத் தட்டுவது

பெரும்பாலானோருக்கு 166-வது பிரிவுதான் வழி. எதிர்த்தரப்பு ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்டி, முழு இழப்பீடு கேட்பது. கிரிமினல் வழக்கு போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பத் தகுந்த அளவு போதும். ஓட்டுநர் கிரிமினல் கோர்ட்டில் விடுதலை ஆனாலும் இழப்பீட்டு வழக்கு அதனாலேயே விழுந்துவிடாது.

164-வது பிரிவில் யார் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். தொகை அவ்வளவுதான், கூடாது. தப்பு யார் மீது என்பதே குழப்பமாக இருக்கும் வழக்குக்கு இது கைகொடுக்கும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியின் அதிகாரி 149-வது பிரிவின்படி சமரசத் தொகை பேச வருவார். அப்போது 164-ன் கீழ் பணத்தை ஏற்றுக்கொண்டால், நீங்கள் போட்ட இழப்பீட்டு மனு காலாவதி ஆகிவிடும். 30 லட்சம் வரக்கூடிய வழக்கை 5 லட்சத்துக்கு முடித்துவிட்டோம் என்பது பிறகுதான் உறைக்கும்.

மோதிய வண்டி எது என்றே தெரியவில்லை என்றால் 161. மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதற்குத் தீர்ப்பாயம் வேண்டாம். வருவாய்த் துறையில் கோட்டம் அல்லது வட்ட நிலையில் உள்ள விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பம் போகும். மாவட்ட ஆட்சியர் முடிவு செய்வார். ஒரு மாதமாகியும் வண்டி கிடைக்கவில்லை என்றால் இப்படி ஒரு திட்டம் இருப்பதைக் காவல்துறையே குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தச் சமயத்தில்தான் ‘ஒரு வண்டியை ஏற்பாடு பண்ணிடலாம், பெரிய தொகை வரும்’ என்று யாராவது வருவார்கள். அது மோசடி. மாட்டினால் இழப்பீடும் போகும், குடும்பத்தின் மேல் கிரிமினல் வழக்கும் வரும்.

தானே சறுக்கி விழுந்தவர், அதுவும் தன் சொந்த வண்டியில் என்றால், 166-ல் கேட்க ஆள் இல்லை. அவருக்கு இருப்பது பாலிசியோடு வரும் உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம் வரை. பல வீடுகளில் இது இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது. பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

வேலை நேரத்தில் வேலை சம்பந்தமாக நடந்த விபத்தானால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் (2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு) கேட்கலாம். இரண்டில் ஒன்றுதான், 167 அப்படிச் சொல்கிறது. லாரி கிளீனர், ஓட்டுநர் போன்றவர்கள் எதில் தொகை அதிகம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பயணிகளாகப் போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ்ஸும் லாரியும் மோதிக்கொண்டால், பஸ்ஸில் இருந்தவர் இரண்டு தரப்பிடமும் கேட்கலாம், ஒரு தரப்பிடம் மட்டும் முழுத் தொகையும் கேட்கலாம். யார் மேல் எத்தனை சதவீதம் தப்பு என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. பைக்கின் பின்சீட்டில் இருந்தவர், அந்த பைக்கை ஓட்டியவர் மீதே தப்பு என்றால் பாலிசியின் வகையைப் பார்க்க வேண்டும். ‘தேர்டு பார்ட்டி’ மட்டும் எடுத்த வண்டியில் பின்சீட்டுக்காரருக்குக் காப்பு இல்லை, முழுப் பாலிசி என்றால் உண்டு. திருவிழாவுக்கும் துக்க வீட்டுக்கும் குட்டியானையிலும் டிராக்டரிலும் ஆட்களை ஏற்றிப் போவது நம் ஊரில் வழக்கம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போனவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. வண்டி உரிமையாளரிடம்தான் வாங்க வேண்டும். அவரிடம் என்ன இருக்கும்? ஒரே குடும்பத்தில் நான்கு பேர் போன பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

ஆறு மாதம்

2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துக்கு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 166(3) சொல்கிறது. 1994-க்குப் பிறகு காலக்கெடுவே இல்லாமல் இருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. எனவே ஆறு மாதம் தாண்டிவிட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள். ஆனால் இனிமேல் போடப்போகிறவர் அந்த உத்தரவை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். விபத்து நாளிலிருந்து ஐந்தாவது மாதத்தை உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடியாவிட்டாலும் மனுவைப் போட்டுவிடலாம், பில்களைப் பிறகு சேர்க்கலாம்.

விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர் – இந்த மூன்றில் எதில் வேண்டுமானாலும் போடலாம். சென்னையில் வேலை பார்க்கும்போது உளுந்தூர்பேட்டை அருகே அடிபட்ட தென்காசிக்காரர், தென்காசியில் குடியிருந்தால் அங்கேயே போடலாம். சென்னையில் இந்த வழக்குகளைச் சிறுவழக்கு நீதிமன்றம் விசாரிக்கிறது, மாவட்டங்களில் இதற்கென்று குறித்த நீதிமன்றங்கள். வழக்கு எண் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) என்று வரும்.

வருமானம், வயது: இங்கேதான் தொகை ஏறுவதும் இறங்குவதும்

மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, படிவம் 16 போதும். கம்பெனியிலிருந்து ஒருவரைச் சாட்சியாக அழைத்தால் இன்னும் பலம். கஷ்டமெல்லாம் கொத்தனார், தள்ளுவண்டிக்காரர், தையல்காரர், விவசாயக் கூலி ஆகியோருக்குத்தான். காகிதம் இல்லை என்பதற்காக வருமானமே இல்லை என்று ஆகாது. கர்நாடகத்தில் காய்கறி விற்றவர் ஒருவருக்கு எந்த ஆவணமும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. விபத்து நடந்தது 2008-ல். அதற்குப் பிறகு விலைவாசியும் கூலியும் ஏறியிருப்பதைச் சொல்லி இன்றைய தொகையைக் கேட்க வேண்டும். நலவாரிய அட்டை, கூலி கொடுத்த மேஸ்திரியின் சாட்சியம், ஜிபே வரவுகள், சுயஉதவிக் குழுக் கடன் கட்டிய ரசீது எல்லாமே உதவும். இறந்த பிறகு அவசரமாகத் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு மட்டும் உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

இல்லத்தரசி ‘சம்பாதிக்கவில்லை’ என்று மனுவில் எழுதும் வக்கீலைத் திருத்துங்கள். வீட்டு வேலைக்குப் பணமதிப்பு உண்டு, எதிர்கால வருமான உயர்வும் சேர்க்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வயதுக்கு ஆதார் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். பிறந்த தேதிக்கு ஆதார் ஆதாரமல்ல, பள்ளி மாற்றுச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து வழக்கிலேயே தீர்ப்பு வந்தது. ஒரு வயது வித்தியாசத்தில் பெருக்கெண் (வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்துச் சொல்லும் எண்) மாறிவிடும்.

அப்புறம் பில்கள். மருந்துக் கடைச் சீட்டு, ஸ்கேன், ஆம்புலன்ஸ், ஆட்டோ எல்லாம் ஒரே கோப்பில் தேதி வரிசையாக இருக்கட்டும். மெடிக்ளெயிமில் அசல் பில்லைக் கொடுத்துவிட்டால், சான்றிட்ட நகலை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

மரண வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பும் 2017 அக்டோபர் 31-ல் ஐந்து நீதிபதிகள் தந்த பிரணாய் சேத்தி தீர்ப்பும்தான் அடிப்படை. 34 வயது கொத்தனார், மாத வருமானம் 18,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது என்று வைப்போம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள்.

சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேரும்: 25,200. (நிரந்தர வேலையில் இருந்தால் 50 சதவீதம்.) அவருடைய சொந்தச் செலவுக்காகக் கழிப்பது, நம்பியிருப்போர் நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு. இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, மணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதி. நான்கில் ஒரு பங்கு கழித்தால் மாதம் 18,900, வருடத்துக்கு 2,26,800. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கெண் 16. ஆக 36,28,800. இதோடு துணையிழப்புக்கு (கணவரை, தந்தையை, மகனை இழந்ததற்கு) ஆளுக்கு 48,400 வீதம் நால்வருக்கு 1,93,600, ஈமச் செலவு 18,150, சொத்திழப்பு 18,150. 2017-ல் 40,000, 15,000, 15,000 என்று வைத்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏற்றச் சொன்னார்கள். 2020, 2023 என இரண்டு முறை ஏறிய தொகை இது. மொத்தம் 38,58,700. மேலே வட்டி. இறந்தவரின் எல்.ஐ.சி. பணம், பி.எஃப்., குடும்ப ஓய்வூதியம் எதையும் இதிலிருந்து கழிக்கக்கூடாது.

பெருக்கெண் வயதோடு குறையும்: 15 முதல் 25 வரை 18, 26–30-க்கு 17, 36–40-க்கு 15, 41–45-க்கு 14, 46–50-க்கு 13, 51–55-க்கு 11, 56–60-க்கு 9, 61–65-க்கு 7, அதற்கு மேல் 5.

காய வழக்கில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், உதவியாளர் செலவு, ஊட்டச்சத்து, போக்குவரத்து, வலியும் வேதனையும், வாழ்க்கை வசதிகள் இழப்பு என்று தலைப்புகள் உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரியது நிரந்தர ஊனத்தால் சம்பாதிக்கும் திறன் குறைவது. மருத்துவ வாரியம் ‘20 சதவீத ஊனம்’ என்று சான்று தரும். அதை ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று பெருக்கி ஒரு லட்சத்தோடு முடித்துவிடும் முறை நம் தீர்ப்பாயங்களில் உண்டு. ஊனம் தொழிலைப் பாதிக்காதவருக்கு அது சரி. பாதிக்கிறவருக்கு அது அநீதி.

38 வயது டெலிவரி ஊழியர், மாதம் 15,000, முழங்கால் மடங்காமல் 20 சதவீதத் திறன் இழப்பு என்று வையுங்கள். 40 சதவீத உயர்வோடு 21,000, வருடத்துக்கு 2,52,000, பெருக்கெண் 15, அதில் 20 சதவீதம்: 7,56,000. காய வழக்கில் சொந்தச் செலவு என்று எதுவும் கழிப்பதில்லை. அதே ஊனம், அதே சான்றிதழ், ஒரு லட்சத்துக்கும் ஏழரை லட்சத்துக்கும் இவ்வளவு தூரம். முழங்கால் மடங்காதவரால் நாளெல்லாம் பைக் ஓட்ட முடியாது என்று காட்டினால் 20 என்பதே 50 ஆகவும் கூடும். உச்ச நீதிமன்றத்தின் 2010 ராஜ்குமார் தீர்ப்பு இதைத்தான் விளக்குகிறது: இடது கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ வருமான இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம், அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படியல்ல. ஆகவே சான்றிதழோடு நிற்காமல், உங்கள் வேலையில் என்னென்ன அசைவு வேண்டும், இப்போது எது முடியவில்லை என்பதைச் சிகிச்சை தந்த மருத்துவர் வாயால் சாட்சியமாகச் சொல்ல வையுங்கள்.

படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு உதவியாளர் செலவையும் மொத்தமாக ஒரு தொகை என்று வாங்காதீர்கள். அதையும் மாதச் செலவாக எடுத்துப் பெருக்கெண்ணால் பெருக்கலாம் என்று 2020 காஜல் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பு சொல்லும் காரணங்கள்

ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் போனார்கள், லைசென்ஸ் இல்லை. இந்த மூன்றும் வரும். மூன்று பேர் போனது விதிமீறல்தான். ஆனால் விபத்துக்கோ காயத்துக்கோ அது காரணமாக இருந்ததென்று காட்டாமல் தொகையைக் குறைக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹெல்மெட்டுக்கும் இதே வாதத்தை வைக்கலாம்: தொடை எலும்பு முறிந்ததற்கும் தலைக்கவசத்துக்கும் சம்பந்தமில்லை. மோதிய வண்டியின் ஓட்டுநருக்குச் சரியான லைசென்ஸ் இல்லை என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று பல வழக்குகளில் உத்தரவாகிறது. அதை மனுவிலேயே கேட்டு வையுங்கள்.

வக்கீல், புரோக்கர்

மருத்துவமனை வார்டுக்கே வந்து ‘ஒரு பைசா தர வேண்டாம், வர்றதுல பாதி’ என்று சொல்பவரிடம் எதிலும் கையெழுத்து போடாதீர்கள். வருகிற தொகையில் பங்கு என்று வக்கீல் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கே எதிரானது. கட்டணம் எவ்வளவு, எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து கூடாது. வழக்கு எண்ணை வாங்கி, இ-கோர்ட்ஸ் தளத்தில் வாய்தா தேதியை நீங்களே பாருங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அழைப்பு எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச அழைப்பு வரும். வருடக்கணக்கில் இழுக்காமல் பணம் கைக்கு வரும் நல்ல வழிதான். ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. உள்ளே வைத்த கம்பியை எடுக்க இன்னொரு அறுவைச் சிகிச்சை பாக்கி இருக்கும்போதோ, ஊனச் சான்று வராதபோதோ ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் சொல்லும் தொகை அதில் எவ்வளவு பங்கு என்று தெரிந்தால்தான் பேரம் பேச முடியும்.

தீர்ப்பு வந்த பிறகு

தொகைக்கு மனு தேதியிலிருந்து வட்டி உண்டு. இங்கே பெரும்பாலும் 7.5 சதவீதம் தருகிறார்கள். தொகை குறைவு என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், தென்மாவட்டக்காரர்கள் மதுரைக் கிளையில். இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு செய்து தடை வாங்கினாலும் பொதுவாக ஒரு பகுதியையாவது கட்டச் சொல்வார்கள். அதிலிருந்து எடுக்க மனு போடலாம் என்பதை வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள்.

பணம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். அந்தக் கணக்கின் ஏ.டி.எம். அட்டையும் பாஸ்புத்தகமும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். சிறு பிள்ளைகளின் பங்கு, அவர்களுக்கு 18 வயதாகும்வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கும். படிப்புச் செலவுக்கு வட்டியை எடுக்க அனுமதி கேட்கலாம். வைப்புச் சான்றின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைக்கு 18 ஆகும்போது அதை நினைவில் வைத்திருப்பவர் வீட்டில் யாராவது இருக்க வேண்டும்.

அரசுப் பேருந்து மோதிய வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி இருக்காது, போக்குவரத்துக் கழகமே தர வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராமல் இழுபடுவது இங்கே வழக்கம். சும்மா காத்திருக்காமல் அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். பஸ் நிலையத்தில் நிற்கும் பேருந்தை நீதிமன்ற அமீனா ஜப்தி செய்தார் என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோமே, அது இந்த மனுவில் பிறப்பித்த உத்தரவுதான். தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கழகம் கட்டும் தொகையை அந்த வட்டியோடு சேர்த்துச் சரிபார்த்த பிறகே, முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து போடுங்கள்.